தவராசாவின் இடத்துக்கு ஒரு ஆள்

"நடா, இதைக் கொஞ்சம் தளர்த்த வேணும். தோள் அகலமான ஆள்."

கப்டன் செல்வம் அந்த ஜேர்சியை என் வெட்டுமேசையில் வைத்ததும் கடைக்குள் இருந்த அவ்வளவு கதையும் நின்றுபோனது. நீல ஜேர்சி. தோய்த்து, ஓரம் பிசகாமல் மடித்திருந்தது. சவர்க்கார வாசம் அடித்தது. முதுகில் ஐந்தாம் இலக்கம். அந்த இலக்கத்தை வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்தவன் நான்தான்.

அது தவராசாவின் ஜேர்சி. தவராசா செத்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஆருக்குத் தளர்த்திறது?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க ஏலவில்லை.

"நிசாருக்கு."

சைக்கிள் கடைப் பொன்னையா அண்ணை குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வாசலில் ஊற்றினார். "செல்வம், உனக்கென்ன விசரோ?" என்றார்.

நான் மட்டும் குறைந்தவனா? கத்தரிக்கோலை மேசையில் போட்டேன். "இந்தக் கடையில அவனுக்கு ஒரு பொத்தானும் தைக்கமாட்டன்" என்றேன். அந்த வயதில் எனக்கு வாய் முன்னுக்குப் போகும், புத்தி பிறகுதான் வரும். இப்போதும் பெரிய மாற்றமில்லை என்று வீட்டில் சொல்லுகிறார்கள்.

என் மேசையில் கூடின தேர்வுக்குழு

போன கிழமை நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "தையல்காரருக்கும் உதைபந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, இருக்கிற சம்பந்தத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

அது பாண் வாங்க விடியுமுன்னமே கியூவில் நின்ற காலம். கூட்டுறவுச் சங்கக்கடைக்குத் துணி வந்தால் ஊரே திரளும். அதற்குள் கழகத்துக்குப் புது ஜேர்சி எங்கே தைப்பது? எங்கள் நீலக்கரை விளையாட்டுக் கழகத்தில் இருந்த ஜேர்சிகளையே ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டார்கள். மெலிந்தவன் போய்த் தடித்தவன் வந்தால் பக்கத் தையலைப் பிரிக்க வேண்டும். தடித்தவன் போய் மெலிந்தவன் வந்தால் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் என்னிடம்தான் வருவார்கள்.

ஆகையால், அணியில் ஆர் ஆர் என்று கழகத்துப் பலகையில் எழுத முன்னமே அது என் மேசைக்கு வந்துவிடும். ஊருக்கு இது தெரிந்துபோயிற்று. போட்டிக்கு முந்தின பின்னேரம் என் கடையில் காற்சட்டை தைக்க வருகிறவனுக்குக் கால் வைக்க இடமிருக்காது. "என்ன, இரண்டாம் இலக்கத்தைச் சுருக்குறாய்? அப்ப மணியம் இல்லையோ? ஐயோ, வலப்பக்கம் போச்சு!" என்று தலையில் கை வைப்பார்கள். நானும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவேன்.

ஒருமுறை கோல் காப்பாளரின் ஜேர்சிக் கையை நீட்டித் தரச்சொல்லி வந்தது. பழக்கடை மஜீத் காக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நடா, சட்டைக் கைய நீட்டிப் பலனில்ல. ஆள்ட கைய நீட்டித் தைக்க ஏலுமா பாரு" என்றார். அந்தக் கோல் காப்பாளர் ஒரு மாதம் என் கடைப்பக்கமே வரவில்லை.

நிசார் போன கதை

நிசார் குறிஞ்சாக்கேணிப் பொடியன். 'பாதை' என்கிற மிதவைப் படகேறி இக்கரைக்கு வந்து எங்களோடு இரண்டு வருடம் விளையாடினான். நடுவில் தவராசா, அவனுக்குப் பக்கத்தில் நிசார். அந்த இரண்டு பேரையும் தாண்டிப் பந்து போவது அருமை.

பிறகு நங்கூரம் கழகம் அவனைக் கூப்பிட்டது. துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற ஆட்களின் கழகம் அது. விளையாட்டோடு ஒரு வேலையும் கிடைக்கும் என்றார்கள். போய்விட்டான். "வயிறெண்டு ஒண்டு இருக்குதானே" என்றார் மஜீத் காக்கா. "போனது பிழையில்லை, ஒரு சொல்லுச் சொல்லாமல் போனவனெல்லே" என்றார் பொன்னையா அண்ணை. இந்த இரண்டு வசனத்தையும் அவர்கள் ஒரு வருடம் மாறி மாறிச் சொன்னார்கள்.

அதோடு நின்றிருந்தாலும் ஆறியிருக்கும். அடுத்த பைனலில் நங்கூரமும் நாங்களும் மோதினோம். பந்தோடு வந்த தவராசாவை நிசார் காலில் அடித்து விழுத்தினான். மைதானக் கயிற்றுக்கு வெளியில் நின்ற எனக்கு முழங்கால் பிசகின சத்தம் கேட்டது. தவராசா ஒரு வருடம் வீட்டில் இருந்தான். நாங்கள் அன்றைக்குத் தோற்றோம். நிசாரின் பெயரைச் சொன்னால் காறித் துப்புகிற ஆட்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள், நானும் அதில் ஒருவன்.

ஒரு வருடம் கழித்துத் தவராசா திரும்பி வந்தான். எங்களை மறுபடி பைனலுக்குக் கொண்டுபோனவன் அவன்தான். அரையிறுதி முடிந்து சில நாளில், குச்சவெளியிலிருந்து மீன் ஏற்றிவந்த லொறி றோட்டில் பிரண்டது. முன் ஆசனத்தில் இருந்த தவராசா அந்த இடத்திலேயே போய்விட்டான். வீட்டில் மனைவி பூமணியும் ஒரு கைக்குழந்தையும்.

பைனலில் எதிரணி திரும்பவும் நங்கூரம். நிசார் அந்த வருடம் நங்கூரத்தோடு கொழுவிக்கொண்டு ஒரு போட்டியும் விளையாடாமல் இருந்தவன். வேலை மட்டும் அங்கேதான். அவன் தானாக வந்து செல்வத்திடம், "நான் நிக்கிறன்" என்று சொல்லியிருக்கிறான். இப்போது விளங்குகிறதா எங்களுக்கு ஏன் பற்றியெரிந்தது என்று? தவராசாவின் காலை அடித்தவன், தவராசாவின் ஜேர்சியோடு, தவராசாவின் இடத்தில். அதுவும் அவன் சம்பளம் வாங்குகிற இடத்து ஆட்களுக்கு எதிராக!

"கொழுவலுமில்லை, மண்ணுமில்லை. நாடகம். கோல் விடத்தான் அனுப்பியிருக்கிறாங்கள்" என்றார் பொன்னையா அண்ணை.

"பூமணியக்கா தந்தவவோ ஜேர்சியை?" என்று நான் செல்வத்தைக் கேட்டேன்.

"தந்தவ."

"ஆருக்கெண்டு சொன்னனியோ?"

"சொன்னனான். ஒண்டும் கதைக்கேல்லை. மடிச்சுத் தந்தவ."

எங்கள் ஊர் வழக்கம்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

எனக்கு மீசை அரும்பின காலத்தில் எங்கள் கழகத்தில் சந்தியாப்பிள்ளை என்று ஒரு கோல் காப்பாளர் இருந்தார். இலங்கைத்துறைப் பக்கம் கடலில் போனவர், திரும்பவில்லை. அடுத்த போட்டிக்கு அவருடைய தகப்பன் வந்து கயிற்றடியில் நின்றார். அந்த மனிதனைப் பார்த்தபடியால் சனம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதுக் கோல் காப்பாளர் முதல் பந்தைப் பிடித்தார். உடனே தகப்பன், "சந்தியா!" என்று ஒரு சத்தம் வைத்தார். அவ்வளவுதான். முற்றவெளி மைதானம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக் குழறியது.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் செத்தால், அடுத்த போட்டி தொடங்கும்போது சனம் சத்தம் போடாது. அவனுடைய இடத்தில் நிற்கிற புது ஆள் பந்தைத் தொட்ட பிறகு, செத்தவனின் வீட்டு ஆள் ஒருவர் அவன் பெயரைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். பிறகு எங்கள் ஆட்டக்காரர் காசிம் மௌத்தானபோது அவருடைய நானா, மூத்த சகோதரம், வந்து கூப்பிட்டார். அந்த ஒரு சத்தத்தோடு புது ஆளையும் ஊர் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு.

தவராசாவுக்குத் தகப்பனில்லை, சகோதரமில்லை. மைதானத்துக்குப் பெண்கள் வருகிற வழக்கமும் அப்போது இல்லை.

பொன்னையா அண்ணை இதைத்தான் பிடித்துக்கொண்டார். கதிரையிலிருந்து எழும்பி, "சரி செல்வம், நீ கப்டன். ஆரையும் போடு. ஆனால் கூப்பிட வீட்டு ஆள் இல்லை. கூப்பிடாட்டி நாங்களும் வாய் திறக்கேலாது. கடைசி விசில் வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடமாட்டம்" என்றார்.

கடை முழுக்க "ஓம், ஓம்" என்றது. நானும் சொன்னேன்.

செல்வத்தின் முகம் கறுத்துப்போயிற்று. "அண்ணை, ஊர் வாயை மூடினால் அவனுக்கு இனி இந்த ஊரில விளையாட்டே இல்லை. நங்கூரமும் எடுக்காது. பொடியன்ர ஆட்டத்தைச் சாகடிக்கிறியள்" என்றான்.

"சாகடிக்கிறதைப் பற்றி அவனிட்டைக் கேள்" என்றார் பொன்னையா அண்ணை.

அளவு நாடா

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நிசார் வாசலில் நின்றான். துறைமுகத்திலிருந்து நேரே வந்திருக்கிறான், சேட்டில் சீமெந்துத் தூள். எவ்வளவு நேரம் நின்றானோ, என்னென்ன கேட்டானோ தெரியாது. ஒருவரும் விலகி வழி விடவில்லை. அவன் தோளை ஒடுக்கிக்கொண்டு உள்ளே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான்.

பொன்னையா அண்ணை கேட்டார்: "அண்டைக்கு அவனை வேணுமெண்டு அடிச்சனியோ?"

ஒருத்தன் இப்படியான இடத்தில் என்ன சொல்லுவான்? கால் வழுக்கிற்று என்பான், பந்தைத்தான் பார்த்தேன் என்பான். அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அடி விழுந்திருக்கும். என் கையும் சும்மா இருந்திராது.

"ஓம். வேணுமெண்டுதான் அடிச்ச" என்றான். "பந்து போயிட்டு. ஆளும் போனாக் கோல்தான். அதால அடிச்ச. முழங்கால் அப்படிப் போகுமெண்டு நினைக்கல்ல. பிறகு அவர்ட வீட்டுக்குப் போய்ச் சொன்ன நான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"ஏசினார். நல்லா ஏசினார். பிறகு தேத்தண்ணி போடச் சொன்னார்."

"செத்தவன் வந்து சாட்சி சொல்லமாட்டான் எண்ட தைரியம்" என்றார் பொன்னையா அண்ணை. "வாங்கோடா போவம்."

பாதிக் கடை அவரோடு எழும்பிப் போனது. எனக்கும் கோபம் போகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இத்தனை பேருக்கு நடுவில் முகத்துக்கு நேரே உண்மை சொன்ன மனுசனுக்கு அளவு எடுக்காமல் விடவும் மனம் வரவில்லை. நாடாவை எடுத்து அவன் நெஞ்சைச் சுற்றினேன். அவனுடைய நெஞ்சும் என்னுடையதைப் போலத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

முற்றவெளி

பைனல் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. முற்றவெளியில் வழமைபோல மேய்ந்துகொண்டிருந்த ஊர் மான்களைக் கலைத்துவிட்டுக் கயிறு கட்டினார்கள். அந்தப் பக்கம் நங்கூரத்தார் தகரப் பேணிகளைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் நாங்கள். இவ்வளவு சனமும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பந்து உயரத்தில் வந்தது. நிசார் எழும்பித் தலையால் தட்டினான். நல்ல தட்டு, பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போனது. தொட்டாயிற்று. இப்போது ஒரு குரல் கேட்க வேண்டும்.

ஒன்றுமில்லை. கடல் இரைச்சல் மட்டும்.

நிசார் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

எங்கள் பொடியன்கள் சத்தத்துக்குப் பழகினவர்கள். "பின்னால ஆள் வாறான்", "வலப்பக்கம் போடு" என்று கயிற்றடியிலிருந்து நாங்கள் கத்துகிற கத்தலில் ஓடுகிறவர்கள். அன்றைக்குக் காது அடைத்தவர்களாகத் தடுமாறினார்கள். பின்னால் ஆள் வருவது தெரியாமல் ஒருவன் பந்தைப் பறிகொடுத்தான். நங்கூரம் ஒரு கோல் போட்டது. தகரப் பேணிகள் வானத்தைக் கிழித்தன.

நாங்கள் எங்கள் அணியைத் தோற்கடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது விளங்கியது. பொன்னையா அண்ணைக்கும் விளங்கியிருக்க வேண்டும், சால்வையைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றார். ஆனால் சொன்ன சொல்லை ஆர் முதலில் விடுவது?

இடைவேளைக்குப் பிறகும் அதே கதை. நங்கூரத்து ஆட்கள் நிசாரைச் சுற்றிச் சுற்றி இடித்தார்கள். "கள்ளன்" என்று அவர்களும் ஏசினார்கள். ஒரு முழங்கை பட்டு உதடு கிழிந்தது. அவன் ஜேர்சிக் கையால் துடைத்துவிட்டு அதே இடத்தில் நின்றான். ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை.

"நடா, ஒண்ட பெரிய தொண்டைக்கு இண்டைக்கு என்ன வந்த? கூப்பிடு" என்றார் மஜீத் காக்கா. அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் வீட்டு ஆளில்லை, காக்கா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. கூப்பிடத்தான் ஆசை. கூப்பிட்டால் வழக்கம் போய்விடும். தவராசாவுக்கு மரியாதை இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன்.

அப்போதுதான் பின்னால் சனம் விலகினது. திரும்பிப் பார்த்தேன். பூமணியக்கா. வெள்ளைச் சீலை, இடுப்பில் குழந்தை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீட்டை விட்டு வெளிக்கிட்ட முதல் நாளாக இருக்க வேண்டும். ஆரிடமும் ஒன்றும் கேட்காமல் நேரே வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா.

பொன்னையா அண்ணை சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார். "தங்கச்சி, நீ வந்தது நல்லது. ஒருக்கா அவன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடு. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

அவ அவரைப் பார்த்தா. பிறகு நிலத்தைப் பார்த்தா. வாய் திறக்கவில்லை.

ஐயையோ! அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் புருசனின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சங்கக்கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைக் கொண்டு சொல்லுவிப்பார்கள். பூமணியக்காவும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், என் கடையில் உடுப்பு எடுக்க வந்தாலும் "இவற்ர சேட்டு" என்றுதான் சொல்லுவா. இத்தனை ஆம்பிளைகள் இரண்டு நாளாக வழக்கம், வழக்கம் என்று நின்றோம். ஒருத்தனுக்கும் இது ஓடவில்லை.

"ஒருக்காத்தானே, தங்கச்சி" என்று பொன்னையா அண்ணை கெஞ்சினார்.

அவ தலையை ஆட்டினா. மாட்டேன் என்று.

நங்கூரத்து முன்வரிசை ஆள் பந்தோடு வந்துகொண்டிருந்தான். எங்கள் ஆள் ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான். நடுவில் நிசார் மட்டும். உள்ளே போனால் ஆட்டம் அதோடு சரி.

பூமணியக்கா குழந்தையை என் கையில் தந்தா. கயிற்றைக் கீழே அமத்திக்கொண்டு குனிந்தா.

"நிசார்!" என்று கத்தினா. "விடாதை, நிசார்! விடாதை!"

அப்படி ஒரு குரல் அந்தப் பெண்ணிடம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நிசார் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை மட்டும் தட்டினான். சுத்தமான தட்டு, ஆள் மேல் ஒரு நகம் படவில்லை. பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது.

முதலில் கத்தியது பொன்னையா அண்ணை. "நிசார்!" என்றார், தொண்டை கிழிய. பிறகு நான். பிறகு முற்றவெளி. குழந்தை என் கையில் வீரிட்டு அழுதது, அது எனக்குக் கேட்கவே இல்லை.

கிண்ணம் நங்கூரத்துக்குப் போனது. திருப்பி ஒரு கோல் போட எங்களுக்கு நேரம் போதவில்லை. அதைப் பற்றி எங்கள் தெருவில் இன்றுவரைக்கும் வாக்குவாதம் உண்டு. ஆனால் அன்றைக்கு ஒருத்தரும் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை.

செல்வம் நிசாரைக் கூட்டிக்கொண்டு கயிற்றடிக்கு வந்தான். நிசார் பூமணியக்காவுக்கு முன்னால் நின்றான். அவ அவனுடைய உதட்டைப் பார்த்து, "உப்புத்தண்ணி போட்டுக் கழுவும்" என்றா.

பொன்னையா அண்ணை மெல்லப் பக்கத்தில் வந்தார். சும்மா இருக்கிற மனிதரா அவர்? "தங்கச்சி, கோவிக்காதை. பேர் சொல்ல ஏலாதெண்டா, 'இஞ்சேருங்கோ' எண்டாவது அவனை ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாம். அவனுக்கெண்டுதானே எல்லாரும் நிண்டது?" என்றார்.

பூமணியக்கா என் கையிலிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்தா.

"அவரைக் கூப்பிட்டா வரப்போறாரோ, அண்ணை?" என்றா. "நிண்டு விளையாடிற பிள்ளையை அல்லோ கூப்பிட வேணும்."